நெய்யாற்றங்கரைப் பட்டறையில் தைத்த வள்ளம்: வாத்து பார்ப்பவரின் மதிப்புரை

கேரளத்தின் பூவாருக்குச் சற்று மேலே, நெய்யாற்றின் கரையில் ஓலைச் சாய்ப்பின் கீழ் நடக்கும் ஒரு வள்ளப் பட்டறையில், ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லத்தக்க சிறு மரவள்ளம் ஒன்றைச் சொல்லிச் செய்வித்து வாங்கினேன். பலகைகளை ஆணி கொண்டு இணைக்காமல் கயிற்றால் தைத்துச் செய்த வள்ளம் அது. ஒரு வலசைப் பருவம் முழுவதும் அதைப் பயன்படுத்தி, மழைக்காலத்தில் கரையேற்றி வைத்து, மறுபடி எண்ணெயிட்டு நீரில் இறக்கிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அதை நடத்தும் மூத்த ஆசாரி தம் பெயர் எங்கும் எழுத்தில் வருவதை விரும்பவில்லை என்பதால் பெயர் இல்லாமலே எழுத வேண்டியிருக்கிறது. குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையிலிருந்து சென்று கரமடி வள்ளம் (கரையிலிருந்து இழுக்கும் வலைக்கான மீன்பிடி வள்ளம்) செய்பவர்களைப் பற்றி ஆற்றங்கரையில் விசாரித்தால் அந்தச் சாய்ப்பைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்காது.

வாத்துகளை நெருங்குவதற்காகச் செய்த வள்ளம் என்றவுடன் எழக்கூடிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் காட்டு வாத்துகளைச் சுடுவதும் பிடிப்பதும் குற்றம். 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமம் பெறும் வழியும் அடைபட்டுவிட்டது. என் வள்ளத்தில் ஏறுவது ஒரு கேமராவும் ஒரு தொலைநோக்கியும் மட்டுமே. ஆனாலும் வடிவத்தை வேட்டைக்காரர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். திறந்த நீர்ப்பரப்பில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தை அது கழுத்தைத் தூக்காதவாறு அணுகுவது எப்படி என்னும் கேள்விக்கு, வயிற்றுப்பாட்டுக்காகவும் சந்தைக்காகவும் வாத்தைத் தேடிச் சென்றவர்கள்தாம் மிகுந்த பொறுமையோடு விடை கண்டிருக்கிறார்கள்.

அவர்களுடைய படகுகளில் என்னை மிகவும் கவர்ந்தது அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து பார்னெகட் விரிகுடாவில் பிறந்த 'ஸ்னீக்பாக்ஸ்' என்னும் படகு. வெஸ்ட் கிரீக் என்னும் ஊரில் ஹேசல்டன் சீமன் என்பவர் 1836-இல் அதை முதன்முதலில் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. ஏறத்தாழ 12 அடி நீளமும் கரண்டியின் குழிவு போன்ற அணியமும் (முன்பகுதியும்) கொண்ட அந்தப் படகு வெண்தேவதாருப் பலகைகளால் ஆனது. அதன் மேற்புறம் முழுவதும் பலகையால் மூடப்பட்டிருக்கும். நடுவில் ஒருவர் நுழைந்து படுத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் ஒரு திறப்பு இருக்கும். வேட்டைக்காரர் சதுப்பு நிலத்துப் புல்லை அறுத்து மேல்தட்டில் பரப்பிவிடுவார். தொலைவிலிருந்து பார்த்தால் கரையிலிருந்து பிய்ந்து வந்த புல்மேடு மிதப்பதாகவே தோன்றும். குளிர்காலத்தில் நீர் உறைந்து கிடந்தால் பனிக்கட்டியின்மேல் இழுத்துச் செல்லும் பொருட்டு அடிப்பக்கத்தில் நீளச் சட்டங்களும் அடித்திருப்பார்கள். மிகக் குறைந்த நீரிலும் மிதக்கும், ஒருவரே கையாளலாம், உயரமே இல்லை: இந்த மூன்று குணங்களும் வாத்துப் படகுக்கு வேண்டியவை. நான் பார்த்தவரையில் பூவார் பகுதியில் விற்பனைக்குக் கிடைக்கும் ஃபைபர் படகுகளில் இம்மூன்றும் சேர்ந்து அமைந்த ஒன்றுகூட இல்லை. பயணிகளை ஏற்றும் படகுகளுக்குப் பக்கச்சுவர் உயரம். சிறிய ஃபைபர் தோணிகளிலோ சிற்றலை மோதும்போதெல்லாம் 'டப் டப்' என்று எழும் ஓசை நீர்ப்பரப்பு முழுவதும் கேட்கிறது.

அந்தப் படகின் வரைபடங்களை அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றேன். மூத்தாசாரி அவற்றை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் மேல்தட்டின்மேல் விரலை வைத்து, "இது பனிக்காலத்துக்கு உள்ள சாதனமாக்கும் சாரே. இங்க உள்ள வெயிலுக்கு இப்பிடி மூடிப் போட்டா உள்ள கெடக்கிற ஆளு வெந்து போவும்" என்றார். அடுத்து அடிப்பக்கச் சட்டங்களைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். பனிக்கட்டியில் இழுப்பதற்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை, மணலில் இழுக்கவும் அது உதவும் என்று சொல்லி, அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். வேற்று நாட்டு வடிவத்தைக் கண்டதும் 'இதெல்லாம் நமக்கு ஆகாது' என்று ஒதுக்கிவிடாமலும், வாடிக்கையாளர் கேட்டுவிட்டார் என்பதற்காக அப்படியே செய்து தள்ளிவிடாமலும், ஒவ்வோர் உறுப்பையும் அது எதற்காக இருக்கிறது என்று கேட்டு முடிவெடுத்த அந்த முறைதான் இந்தப் பட்டறையைப் பற்றி நான் முதலில் பாராட்ட வேண்டிய செய்தி.

அவர் பரிந்துரைத்தது நம் கரையோரங்களில் முன்பு எங்கும் புழங்கிய கொதும்பு வள்ளத்தின் உருவம். குட்டநாட்டில் அறுவடை முடிந்த பாடசேகரங்களில் (வயல் தொகுதிகளில்) வாத்து மேய்ப்பவர்கள் ஒற்றையாளாக நின்று ஊன்றிச் செல்லும் சிறிய வள்ளம் அது. நூற்றுக்கணக்கான வாத்துகளுக்கு நடுவே அவற்றை வெருட்டாமல் செலுத்துவதற்கென்றே பழகிய வடிவம், காட்டு வாத்துக்கும் பொருந்தும் என்பது அவருடைய வாதம். நான் கேட்டுக்கொண்டதற்காகப் பக்கச்சுவரை வழக்கத்தைவிடத் தாழ்த்தவும், அணியத்தைச் சற்று அகலமாக்கி மேலே வளைக்கவும் இசைந்தார். நீளம் ஐந்தரைக் கோல். கோல் என்பது 24 விரல், அதாவது ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். ஆகவே நம் கணக்கில் 13 அடி. அகலம் இரண்டே முக்கால் அடி, உள் ஆழம் ஓர் அடி, பலகையின் கனம் முக்கால் அங்குலம். என் எடையோடும் கருவிகளின் எடையோடும் மிதக்கும்போது நான்கு அங்குல அளவுக்குத்தான் நீரில் அமிழ்கிறது; முழங்காலுக்கும் கீழான நீரில் தடையின்றிப் போகிறது.

மரம் அயினி, மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள். பந்தயத்தில் ஓடும் நீண்ட சுண்டன் வள்ளங்கள் முதல் கரமடி வள்ளங்கள் வரை கேரளக் கரையில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மரம். பலாவின் இனத்தைச் சேர்ந்த உயர்ந்த மரமாதலால் நீளமான, முடிச்சில்லாத பலகைகள் அதில் கிடைக்கின்றன. நீரில் நெடுங்காலம் உழைக்கும், கறையானும் எளிதில் தொடுவதில்லை. ஆசாரி என்னையும் அழைத்துக்கொண்டு மரமில்லுக்குச் சென்று, அறுத்து வைத்த தடிகளின் முகத்தைக் கைக்கோடரியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்தே தேர்ந்தெடுத்தார். வெளிவெட்டு வெள்ளை (தடியின் வெளிப்புற மென்மரம்) கலந்த பலகையை மலிவாகத் தருவதாக மில்காரர் சொன்னபோது, அது முதலில் உளுத்துப்போகும் பகுதி என்று மறுத்துவிட்டார். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் மரத்துக்கே போய்விட்டது. தடிக்குத் தடி, மாதத்துக்கு மாதம் விலை மாறுவதால் நான் கொடுத்த தொகையை இங்கே எழுதுவதில் பயன் இல்லை. அதே நீளமுள்ள ஃபைபர் தோணியைவிடக் கணிசமாக அதிகம் என்பதை மட்டும் மனத்தில் கொண்டு செல்லுங்கள்.

இனி, தைப்பு. இந்த வள்ளத்தை வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மேலைநாட்டு முறையில் முதலில் எலும்புக்கூடு போல வங்குகளை (குறுக்குச் சட்டங்களை) நிறுத்தி, அவற்றின்மேல் பலகைகளை அறைவார்கள். இங்கே முறை தலைகீழ். அடிப்பலகையை மரக்கட்டைகள்மேல் படுக்க வைத்து, அதன் விளிம்போடு அடுத்த பலகையின் விளிம்பைப் பொருத்தித் தைத்து, இப்படியே ஓடு முழுவதையும் எழுப்பிய பின்னரே உள்ளே வங்குகளை வைத்துக் கட்டுகிறார்கள். வளைய வேண்டிய பலகையின் ஒரு பக்கத்துக்குத் தீ காட்டி, மறு பக்கத்தில் தண்ணீர் தெளித்து, பாரம் ஏற்றிச் சிறிது சிறிதாக வளைக்கிறார்கள். விளிம்புகள் இரண்டும் ஒளி புகாத அளவுக்குச் சேரும்வரை இழைப்புளி ஓய்வதே இல்லை. நான் சென்ற நாள்களில் ஒருமுறை, முழு உச்சிவேளைவரை ஒரே ஒரு விளிம்பைத்தான் இழைத்துக்கொண்டிருந்தார்கள். கூலியை நாள் கணக்கில் தருபவருக்கு அது கண்ணை உறுத்தக்கூடிய காட்சிதான்.

விளிம்புகள் பொருந்திய பிறகு இரு பலகைகளிலும் ஓரத்தை ஒட்டி எதிரெதிரே துளைகள் இடுகிறார்கள். உட்பக்கத்தில் இணைப்பின் நெடுகத் தேங்காய்த் தும்பை (நாரை) திரட்டி வைத்து, அதன்மேல் கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடுமாறு தைக்கிறார்கள். உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் அமர்ந்து கயிற்றை வாங்கிக் கொடுக்க, ஒவ்வொரு தையலையும் ஒரு மரக்கோலில் சுற்றி நெம்பி இறுக்குகிறார்கள். கயிறு நனையும்போது அந்த இறுக்கம் இன்னும் கூடும். வெளிப்பக்கத்தில் தையல் தெரியும் இடங்களில் சிறு வாய்க்கால் போலச் செதுக்கி, கயிறு பலகையின் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்து கிடக்கும்படி செய்கிறார்கள்; இல்லாவிட்டால் மணலில் இழுக்கும்போது கயிறு தேய்ந்துபோகும். கடைசியாகத் துளைகளில் தும்பைத் திணித்துக் குங்கிலியக் கலவையால் அடைக்கிறார்கள்.

கயிற்றின் தரத்தில் ஆசாரி காட்டிய கண்டிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. பச்சைத் தேங்காய் மட்டையைக் காயல் நீரில் மாதக்கணக்கில் அழுக வைத்து, அடித்துப் பிரித்த தும்பில் கைத்திரியாகத் திரித்த கயிறுதான் வேண்டும் என்றார். இயந்திரத்தில் உரித்த பழுப்புத் தும்புக் கயிறு கடையில் எளிதாகக் கிடைத்தும் அதைத் தொடவில்லை. அதற்காகவே வேலை நின்றும் போனது. நைலான் கயிறு போட்டால் என்ன என்று நானே கேட்டேன். நைலான் நனைந்தால் தளரும், தும்பைக் கவ்விப் பிடிக்காது, பலகையின் துளையை அறுக்கும் என்று மூன்று காரணங்களை அடுக்கினார். மூன்றாவது காரணத்தைப் பின்னர் வேறொருவரின் பழைய வள்ளத்தில் நானே கண்டேன்: நைலான் ஓடிய துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன.

ஆணியடித்த வள்ளத்தைவிடத் தைத்த வள்ளம் எதில் உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில் இரும்பாணி துருப்பிடித்து, துருவைச் சுற்றிய மரத்தையும் கெடுக்கும். கயிற்றுக்கு அந்தக் கேடு இல்லை. மேலும், தைத்த உடல் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். அலை உடையும் கரையில் ஏற்றி இறக்கும் கரமடி வள்ளங்களைத் தைத்தே செய்ததற்கு அதுதான் காரணம். என்னைப் போல அமைதியான காயலில் செல்பவருக்கு இரண்டாவது நன்மை அவ்வளவாகப் பயன்படாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்த நன்மை வேறு: தும்பும் எண்ணெயும் ஊறிய இந்த உடலில் அலை மோதினாலும், துடுப்பின் பிடி விளிம்பில் இடித்தாலும் மழுங்கிய மெல்லிய ஓசைதான் எழுகிறது. பறவைகளுக்கு அருகே அமர்ந்திருப்பவருக்கு இதன் மதிப்பு தெரியும்.

மேற்பூச்சைப் பற்றி மனம் நிறைந்து பாராட்டவும் முடியவில்லை, குறை சொல்லவும் முடியவில்லை. வெளிப்பக்கம் முழுவதும் அண்டித்தோட்டு எண்ணெய் (முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுப்பது), உட்பக்கம் மத்தி மீனின் எண்ணெய் என்பது பழைய வழக்கம், அதன்படியே செய்தார்கள். அண்டித்தோட்டு எண்ணெய் உலர்ந்ததும் பளபளப்பு மங்கி, கருமையேறிய சேற்று நிறம் வந்துவிடுகிறது. மறைந்து செல்வதற்கு இதைவிடப் பொருத்தமான நிறத்தை விலை கொடுத்து வாங்க முடியாது. ஆனால் அந்த எண்ணெய் தோலில் பட்டால் பொள்ளும், உலரும்வரை கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்பதைப் பட்டறையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்களுடைய கைகள் பழகிவிட்டதால் சொல்லத் தோன்றவில்லை போலும். மீன் எண்ணெயின் நாற்றம் முதல் சில வாரங்கள் உடையிலும் கேமராப் பையிலும் ஏறி, வீட்டாரின் பொறுமையைச் சோதித்தது. அணியத்தில் சிவப்பு மஞ்சள் வண்ணப் பூவேலை செய்து பெயரும் எழுதித் தருவதாகப் பட்டறையின் இளையவர் மிகுந்த ஆர்வத்தோடு வந்தார். வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடியதைக் கண்டு, உட்பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

குறைகளில் முதலாவது கால தாமதம். சித்திரை மாதத்தில் முன்பணம் கொடுத்தபோது இடவப்பாதிக்கு (வைகாசி நடுவில் தொடங்கும் மழைக்கு) முன் முடித்துத் தருவதாக உறுதி சொன்னார்கள். கயிறு கிடைக்கத் தாமதமாகி, தென்மேற்குப் பருவமழையும் தொடங்கிவிட்டதால், ஈரக்காற்றில் எண்ணெய் உலராது என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார்கள். காரணம் சரியானது, ஆனால் அதை அவர்களே அழைத்துச் சொல்லவில்லை, நான் நேரில் சென்று கேட்ட பிறகே தெரிந்தது. தொலைபேசியை எடுக்கும் பழக்கமும் அங்கே குறைவு. இரண்டாவது, கணக்கு. ரசீது இல்லை, அளவுகளை எழுதிய தாளும் இல்லை. எல்லாம் ஆசாரியின் நினைவிலும் சாய்ப்பின் தூணில் சுண்ணாம்பால் போட்ட கோடுகளிலும் இருக்கின்றன. எனக்கு அதனால் இழப்பு எதுவும் நேரவில்லை என்றாலும், முன்பணம் கொடுக்கும்போது நாமே ஒரு தாளில் அளவுகளையும் தொகையையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் அவர்கள் மறுப்பதில்லை.

மூன்றாவது குறை வடிவத்தில் இருக்கிறது, என் பயன்பாட்டுக்கு அதுவே பெரியது. ஸ்னீக்பாக்ஸில் நடுவே ஒரு செங்குத்துப் பலகையை நீருக்குள் இறக்கும் வசதி உண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு விலகிச் செல்லாமல் அது பிடித்து நிறுத்தும். அதற்கான துளையை அடிப்பலகையில் போட ஆசாரி கடைசிவரை இசையவில்லை. "அடிப்பலகையில ஓட்டை போட்டிட்டு பெறகு வள்ளம்னு எதுக்குச் சொல்லணும்?" என்பது அவருடைய பதில். விளைவு, பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் வள்ளம் பக்கவாட்டில் நழுவத் தொடங்குகிறது. எடை குறைவாகவும் அடி தட்டையாகவும் இருப்பதால் துடுப்பால் மட்டும் அதைத் தடுத்து நிறுத்துவது கையை ஓய வைக்கிறது. இப்போது ஊன்றுகோலைச் சேற்றில் குத்தி, அமரத்தில் (பின்பகுதியில்) கட்டிய கயிற்றுக் கண்ணியில் அதை மாட்டி நிறுத்துகிறேன். அதற்கு ஆழம் குறைந்த இடமாக இருக்க வேண்டும்.

முதன்முதலில் நீரில் இறக்கியபோது தையல் வழியே நன்றாகவே கசிந்தது. இதைக் குறையாக எழுதக்கூடாது. உலர்ந்த பலகையும் கயிறும் ஊறிப் பருத்து, இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும்வரை எந்தத் தைத்த வள்ளமும் கசியும். கரையோரத்தில் அரைநீரில் கட்டிப் போட்டு, கமுகம் பாளையால் இறைத்துக்கொண்டே இருந்தால் கசிவு படிப்படியாக நின்றுவிடுகிறது. அந்தப் பாளையையும் பட்டறையிலிருந்தே கொடுத்தனுப்பினார்கள். மழைக்காலம் முழுவதும் கரையில் உலர்ந்து கிடந்த பிறகு இறக்கினால் மறுபடியும் அதே படலம்தான். உள்ளே மூங்கில் தட்டி ஒன்றைப் பரப்பி, அதன்மேல் அமர்ந்துகொள்கிறேன்; கருவிகளுக்கு நீர்புகாப் பை கட்டாயம் வேண்டும்.

இனி, எதற்காகச் செய்தோமோ அதில் எப்படி என்று சொல்ல வேண்டும். வெள்ளாயணிக் காயலிலும் பூவாரின் உட்காயல்களிலும் இதைப் பயன்படுத்தினேன். சுசீந்திரம், தேரூர் குளங்கள் நமக்கு அருகில் இருந்தாலும், அவை காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே வள்ளம் இறக்க எண்ணவே கூடாது. அவற்றைக் கரையிலிருந்து பார்ப்பதே முறை. கேரளப் பக்கத்தில் வள்ளம் வைத்துக்கொள்வதற்கான பதிவு விதிகளைத் துறைமுக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதும் நல்லது.

வெள்ளாயணி கேரளத்தின் மிகச் சில நன்னீர் ஏரிகளுள் ஒன்று. ஓரங்களில் தாமரையும் ஆகாயத்தாமரையும் அடர்ந்து கிடக்கின்றன. மேல்நோக்கி வளைந்த அணியம் இந்தச் செடிப்படுகையை முட்டிக்கொண்டு நிற்காமல் அதன்மேல் ஏறி வழுக்கிச் செல்கிறது. நான் கேட்டுச் செய்வித்த மாற்றங்களில் மிகவும் பயன்பட்டது இதுதான். சீழ்க்கைச் சிறகிகள், நீரில் நிழல் போலத் தாழ்ந்து வரும் இந்த உருவத்தை நெடுநேரம் பொருட்படுத்துவதில்லை. வலசை வரும் நீலச்சிறகிகள் அப்படி அல்ல. ஒன்று கழுத்தைத் தூக்கினால் எல்லாம் தூக்கும், அடுத்த நொடியில் பறந்துவிடும். அவற்றை நேராக நோக்கிச் செல்லாமல், வேறெங்கோ போவதுபோலச் சாய்வாகச் சென்று, முதல் கழுத்து உயர்ந்தவுடன் துடுப்பை நிறுத்திவிட வேண்டும். கழுத்துகள் மீண்டும் தாழ்ந்து இரை தேடத் தொடங்கும்வரை அசையாமல் காத்திருக்கும் அந்த நேரத்தில் வள்ளம் அலைக்கேற்ப மெல்ல ஆடுகிறதே தவிர எந்த ஓசையும் எழுப்புவதில்லை. முன்பு கரையிலிருந்து எடுத்த படங்களில் வாத்துகளின் முதுகைத்தான் பெரும்பாலும் பார்க்க முடிந்தது. இப்போது நீர்மட்டத்திலிருந்து, கண்ணுக்குக் கண்ணாக எடுக்க முடிகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவையை நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அது திரட்டி வைத்த கொழுப்பைத்தான் செலவிடுகிறது என்பதால், கிளப்பாமல் திரும்பி வர முடிவதே இந்த வள்ளத்துக்கு நான் தரும் முதல் மதிப்பெண்.

நிலைத்தன்மை போதுமானது, தரையோடு தரையாக அமர்ந்திருக்கும்வரை கவிழ்ந்துவிடும் என்ற அச்சமே இல்லை. எழுந்து நிற்கக்கூடாது. குட்டநாட்டு மேய்ப்பர்கள் நின்றே செலுத்துகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அது பிறந்தது முதல் நீரில் வளர்ந்தவர்களின் கால் பழக்கம். ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, கடலலை உள்ளே வரும் இடத்தில் இந்தத் தாழ்ந்த பக்கச்சுவர் எந்தப் பாதுகாப்பும் தராது. நீந்தத் தெரிந்தவராயினும் மிதவை அங்கி அணியாமல் ஏறக்கூடாது.

பராமரிப்பு இந்த வள்ளத்தின் மறைமுக விலை. கழிமுகத்து உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் புழுக்கள் உண்டு. வள்ளத்தை நீரிலேயே கட்டி வைக்காமல், பயன்படுத்தியதும் கரையேற்றிக் கவிழ்த்து நிழலில் வைக்க வேண்டும். எண்ணெய்ப்பூச்சு ஆண்டுக்கு ஒருமுறையாவது தேவை. தையல் கயிறு நிரந்தரம் அன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கயிற்றை அறுத்தெடுத்து, அதே துளைகளில் புதுக்கயிறு ஓட்டித் தைக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பட்டறையின் இப்போதைய வருமானம் பெரும்பாலும் பயணிப் படகுகளைப் பழுது பார்ப்பதிலும், பிளைவுட்டின்மேல் ஃபைபர் ஒட்டுவதிலும் வருகிறது. கயிற்றுத் தையல் வேலை எப்போதாவதுதான் வருகிறதாம். மூத்தாசாரிக்கு வயதாகிவிட்டது. இளையவருக்கு இழைப்பு நன்றாக வருகிறது, ஆனால் தையலின் இறுக்கத்தை இன்னும் மூத்தவரின் கையே சரிபார்க்கிறது. மறுதைப்புக்கு வரும்போது யார் செய்வார்கள் என்று கேட்டேன். தம் கை ஓடும்வரை தாமே செய்து தருவதாகவும், அதற்குப் பிறகு இளையவர் செய்வார் என்றும் சொன்னார். இளையவர் அப்போது எதுவும் பேசவில்லை.

வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்ல விரும்புபவர்கள், வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைப்பவர்கள், எண்ணெய் பூச நேரமில்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். ஃபைபர் தோணி ஒன்றை வாங்கி, அதன் உட்பக்கத்தில் தென்னந்தும்பு விரிப்பை ஒட்டிக்கொண்டால் ஓசை ஓரளவு குறையும். நீர்நிலைக்கு அருகே குடியிருந்து, நிழலான இடமும் தூக்க இன்னொரு கையும் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டறையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வலசை வாத்துகள் ஐப்பசி, கார்த்திகையில் வந்து சேர்கின்றன. அந்தப் பருவத்துக்கு வள்ளம் கையில் வேண்டுமானால் சித்திரையில் போய்ச் சொல்வது போதாது. முந்தைய மார்கழியிலேயே சென்று மரத்தைத் தேர்ந்தெடுத்து, கயிற்றுக்கும் தனியாக முன்பணம் கொடுத்துவிடுங்கள். தையலும் எண்ணெய்ப்பூச்சும் கோடை வெயிலிலேயே முடிந்துவிடும். போகும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, காலை ஏழு மணிக்குள் சென்றால்தான் ஆசாரியைப் பேசக்கூடிய மனநிலையில் பார்க்க முடியும்.